467 கிணறுகளில் 350 கெட்டன! மிச்சமுள்ள நல்ல தண்ணீரைக் காப்பாற்ற திண்டுக்கல் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

ஆளுக்கு ஒரு குடம் மிச்சம் பிடித்தால் ஒரு ரெயில் தண்ணீர்!

திண்டுக்கல்,-

மொத்தம் 467 கிணறுகள். அவற்றில் 350 கிணறுகளின் தண்ணீர் கெட்டுப்போய்விட்டது!

திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஆகிய 2 பஞ்சாயத்து யூனியன்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு இது. ஜனங்கள் குடிக்கவும், வயலுக்குப் பாய்ச்சவும் இறைத்துக்கொண்டிருந்த கிணறுகள் இவை. குடிதண்ணீருக்காகப் பெண்களும், குழந்தைகளும் மைல் கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது என்ற தகவலும் அதோடு சொல்லப்பட்டது.

இந்தக் கணக்கு டெல்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1996-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி அந்தக் கோர்ட்டு அளித்த தீர்ப்பிலேயே இது பதிவாகி இருக்கிறது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கிணறுகள் வற்றிப்போகவில்லை. உள்ளே தண்ணீர் இருந்தது. எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். ஆனால் வாயில் வைக்க முடியாது.

ஊரில் ஒரு கொலை நடந்தால் கூட்டம் கூடும். வீட்டில் நகை திருடு போனால் மோப்ப நாய் வரும். கைரேகை நிபுணர் வருவார். 350 கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தபோது எந்த மோப்ப நாயும் வரவில்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர்

பூட்டுக்கும், பிரியாணிக்கும் பேர்போன திண்டுக்கல்லுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. அது தோல் பதனிடும் தொழில். "தோல் ஷாப்பு" என்று ஊரில் சொல்வார்கள். எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் இது. வெளிநாட்டுப் பணத்தையும் கொண்டுவந்தது.

ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் அழுகாமல் இருக்க முதலில் அதில் உப்பைப் போட்டு வைப்பார்கள். ஷாப்புக்கு வந்ததும் அந்த உப்பு போகும்படி தண்ணீரில் ஊறவைத்து அலசுவார்கள். பிறகு சுண்ணாம்பு போட்டு முடியை நீக்குவார்கள். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை போன்றவற்றை வைத்துப் பதம் செய்தார்கள். பின்னாளில் குரோமியம் என்ற ரசாயனம் வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது. வெளியே வந்த கழிவு மோசமானது.

ஒரு கிலோ பதனிட்ட தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கோர்ட்டில் சொல்லப்பட்டது. அந்த 35 லிட்டரும் எங்கே போகும்? ஓடையில் போனது. வயலில் பரவியது. மண்ணில் இறங்கியது. கடைசியில் பக்கத்துக் கிணற்றின் ஊற்றுக்கண்ணில் போய்ச் சேர்ந்தது.

கோர்ட்டு போட்ட போடு!

வேலூர்ப் பகுதி பொதுமக்கள் நல அமைப்பு ஒன்று 1991-ம் ஆண்டு தொடுத்த வழக்குதான் இது. தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரை எதிர்த்து நடந்த வழக்கு. நீதிபதி குல்தீப்சிங் தலைமையிலான பெஞ்சு விசாரித்தது.

தோல் தொழிலால் நாட்டுக்கு வருமானம் வருவது உண்மைதான். அதற்காக மண்ணையும் நீரையும் மக்கள் உடல்நலத்தையும் அழிக்க அந்தத் தொழிலுக்கு உரிமை கிடையாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

அப்போதைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உள்பட 5 மாவட்டங்களில் இருந்த ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் ரூ.10 ஆயிரம் அபராதம் விதிக்கப்பட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்ட வேண்டும், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நஷ்டஈடு கணக்கிட ஒரு அமைப்பு ஏற்படுத்த வேண்டும் என்றும் உத்தரவு பிறந்தது. "கெடுத்தவன்தான் செலவை ஏற்க வேண்டும்" என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தில் அழுத்தமாக இடம் பிடித்தது இந்த வழக்கில்தான். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

அபராதத்தை வசூல் பண்ணிவிடலாம். கழிவைத் தடுத்துவிடலாம். ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பை யார் திரும்ப எடுப்பது?

காய்ச்சினாலும் போகாது!

தண்ணீரில் கிருமி இருந்தால் கொதிக்க வைத்தால் சாகும். கலங்கல் இருந்தால் தெளிய வைக்கலாம். துணியில் வடிகட்டலாம். கரைந்த உப்பு அப்படிப் போகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி உப்பு இன்னும் கூடும்!

ஒரு லிட்டர் குடிதண்ணீரில் கரைந்த உப்புகள் எல்லாம் சேர்ந்து 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2 ஆயிரம் மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 ஆயிரம் மில்லிகிராம் இருக்கிறது.

ஆகவே "தண்ணி இருக்கா?" என்ற கேள்வி மட்டும் போதாது. "நல்ல தண்ணி இருக்கா?" என்றுதான் கேட்க வேண்டும். திண்டுக்கல் தாய்மார்கள் இதை என்றைக்கோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். குடத்திலேயே "நல்ல தண்ணி", "உப்புத் தண்ணி" என்று தனித்தனியாகப் பிரித்து வைப்பது நம்ம ஊர்ப் பழக்கம்.

100 குடத்தில் அரை டம்ளர்

உலகத்தில் முக்கால்வாசி தண்ணீர்தானே, பிறகு ஏன் பஞ்சம்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலகத்தில் உள்ள அத்தனை தண்ணீரையும் 100 குடத்தில் பிடித்து வரிசையாக வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடம் 15 லிட்டர்.

அதில் 97½ குடம் உப்புத் தண்ணீர்! மிச்சம் 2½ குடம்தான் நல்ல தண்ணீர். அதாவது 37½ லிட்டர்.

அதிலும் 26 லிட்டர் அளவு துருவப் பிரதேசங்களிலும், இமயம் போன்ற மலைகளிலும் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. சுமார் 11 லிட்டர் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. அதில் பாதாளத்தில் கிடப்பதும் சேர்த்தி.

உலகத்து ஆறுகள், ஏரிகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு தெரியுமா? ஒரு அரை டம்ளர்! அந்த அரை டம்ளருக்குத்தான் அண்டை மாநிலங்கள் வழக்காடுகின்றன. குழாயடியில் குடங்கள் மோதுகின்றன.

உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக மாற்றும் மிகப் பெரிய மெஷின் மழைதான். கடல் நீர் ஆவியாகும்போது உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது. சுத்தமான நீர் மட்டும் மேலே போய் மேகமாகி மழையாகக் கொட்டுகிறது. கரண்டு பில் கிடையாது. ஆனால் அந்த மெஷின் கொடுப்பதைத்தான் கொடுக்கும். ஜனத்தொகை பெருகிவிட்டது என்று கூடுதலாகக் கொடுக்காது.

அடியில் பாறை, மேலே வானம்

திண்டுக்கல் மலையைப் பாருங்கள். ஊர் நடுவே மொட்டையாக நிற்கும் ஒரே பாறை. அந்தப் பாறை மலையோடு முடிந்துவிடவில்லை. ஊருக்கு அடியிலும் பாறைதான்.

ஆற்று மணல் பிரதேசத்தில் நிலம் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பாறைப் பூமி அப்படி அல்ல. பாறையில் உள்ள விரிசல்களிலும், வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். அதனால்தான் ஒரு வீட்டில் போர் போட்டால் தண்ணீர் பீறிடுகிறது. அடுத்த வீட்டில் நூற்றுக்கணக்கான அடி இறக்கியும் வெறும் புழுதி பறக்கிறது. விரிசலில் இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டால் அடுத்த மழை வந்து நிரப்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மழையோ ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தச் சில வாரங்களில் பிடித்து வைத்ததைக் கொண்டுதான் சித்திரை, வைகாசியைத் தாண்ட வேண்டும்.

ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஆத்தூர் காமராஜர் அணை, மலை அடிவாரத்தில் இருக்கிறது. பன்றிமலை, தாண்டிக்குடிப் பக்கம் மலையில் பெய்யும் மழைதான் இதற்கு ஆதாரம். அணையின் உயரம் 23½ அடி. ஏறக்குறைய ஒரு இரண்டு மாடி வீட்டின் உயரம்தான்! மலையில் மழை பொய்த்தால் அணையின் மட்டம் இறங்கிவிடும். அது போதாது என்றுதான் காவிரித் தண்ணீரும் குழாய் வழியாகக் கொண்டுவரப்பட்டது.

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி திண்டுக்கல் நகரில் 2 லட்சத்து 7 ஆயிரத்து 327 பேர். 2014-ம் ஆண்டு நகராட்சி, மாநகராட்சி ஆகிவிட்டது. ஊர் பெருகிவிட்டது. அணை பெருகவில்லை.

குடகனாறும் கொஞ்சம் வித்தியாசமான ஆறு. வடக்கு நோக்கி ஓடி, வேடசந்தூர்ப் பக்கம் போய், அமராவதியில் கலந்து, பிறகு காவிரியில் சேருகிறது. இந்த ஆற்றில் நாம் கொட்டும் அழுக்கு நம்மோடு போகாது. காவிரிக் கரையில் எங்கோ ஒரு தாய் அதே தண்ணீரைக் குடத்தில் மொண்டு கொண்டிருப்பாள்.

குழாயடியில் ஒரு பள்ளிக்கூடம்

தண்ணீர் தட்டுப்பாடு வந்துவிட்டால் குழாயடியில் கேட்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:-

"மதினி, எங்குடம் உங்களுக்கு முன்னாடி இருந்துச்சு."

"கல்ல வச்சுட்டுப் போனா அது குடமாகிருமா? ஆள் நிக்கணும்த்தா!"

நடுவே ஒரு சின்னக் குரல். "அம்மா, பெல் அடிச்சிருவாங்கம்மா."

"ரெண்டே குடம்தான் கண்ணு. பிடிச்சுக் குடுத்துட்டு ஓடிரு."

அந்தப் பிள்ளை இடுப்பில் 15 லிட்டர் குடத்தை ஏந்தினால் 15 கிலோ எடை. புத்தகப்பையைவிடப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் அது பெண் பிள்ளையாகத்தான் இருக்கும். தண்ணீர் பஞ்சத்தின் முதல் அடி விழுவது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில்தான்.

2016-ம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்து போனது. 2017-ம் ஆண்டு ஜனவரி மாதம் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்த மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன.

2019-ம் ஆண்டு சென்னைப் பட்டணமே தவித்தது. அந்த ஆண்டு ஜூலை மாதம் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். 50 வேகன்கள். ஒரு ரெயிலில் 25 லட்சம் லிட்டர்! ஜனங்கள் தண்டவாளத்தின் ஓரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இந்த 25 லட்சத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

சின்னத் துப்பறிவாளர்களே, வாருங்கள்!

கிணறுகளைக் கெடுத்தது குழந்தைகள் அல்ல. ஆனால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவதில் பெரியவர்களைவிடக் குழந்தைகள் கெட்டிக்காரர்கள். வீட்டில் எந்தக் குழாய் சொட்டுகிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தெரியும்!

மாணவ- மாணவிகள் வீட்டிலேயே நடத்தக்கூடிய துப்பறியும் வேலைகள் வருமாறு:-

முதல் துப்பு: சொட்டும் குழாய். அதன் அடியில் கால் லிட்டர் பிடிக்கும் ஒரு சொம்பை வைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அரை மணியில் சொம்பு நிறைந்தால், மணிக்கு அரை லிட்டர். ஒரு நாளைக்கு 12 லிட்டர். மாதத்துக்கு 360 லிட்டர். அதாவது 24 குடம்! ராத்திரி எல்லாம் "சொட்டு... சொட்டு..." என்று ஒரு திருடன் 24 குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறான். அவனைப் பிடிக்கச் சில ரூபாய் விலையுள்ள ஒரு வாஷர் போதும்.

இரண்டாவது துப்பு: பல் தேய்க்கும் நேரம். குழாயை முழுதாகத் திறந்து, 15 லிட்டர் வாளி எத்தனை நிமிஷத்தில் நிறைகிறது என்று பார்க்க வேண்டும். 3 நிமிஷத்தில் நிறைந்தால், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே 3 நிமிஷம் பல் தேய்ப்பவர் ஒரு வாளித் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டார் என்று அர்த்தம். அதே வேலைக்கு ஒரு மக் தண்ணீர் தாராளம்.

மூன்றாவது துப்பு: குளியல் அறை. ஷவரின் அடியில் வாளியை வைத்து இதே மாதிரி அளந்து பார்க்கலாம். பாட்டுப் பாடி முடிப்பதற்குள் எத்தனை வாளி போகிறது என்று தெரிந்துவிடும். வாளியில் பிடித்து மக்கில் மொண்டு குளித்தால் அளவு கைக்குள் இருக்கும்.

நான்காவது துப்பு: சமையல் கட்டு. அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரை அந்தக் காலத்தில் யாரும் கொட்டியது கிடையாது. கழனித்தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். மாடு குடிக்கும். இப்போது வீட்டில் மாடு இல்லாவிட்டால் கறிவேப்பிலைச் செடி இருக்கும். அதற்கு ஊற்றலாம். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வைத்திருக்கும் வீடுகளில், அது வெளியே தள்ளும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வீடு துடைக்கவும், கக்கூசுக்கும் உபயோகிக்கலாம்.

ஐந்தாவது துப்பு: பள்ளிக்கூடம். சாயங்காலம் கடைசி பெல் அடித்ததும் பாட்டிலில் மிச்சம் இருக்கும் தண்ணீரைத் தரையில் கவிழ்த்துவிட்டு ஓடுவது வழக்கம். அந்தத் தண்ணீர் ஒரு வேப்பங்கன்றின் ஒரு நாள் சாப்பாடு. வகுப்புக்கு ஒரு லீடர் இருப்பதுபோல, சாப்பாட்டு வேளைக்குப் பிறகு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு வர ஒரு "குழாய் லீடர்" இருக்கலாம். உடைந்த குழாயை உடனே வாத்தியாரிடம் சொல்வது கோள் ஆகாது. கடமை ஆகும்.

ஆறாவது துப்பு: தெரு. ஓடையிலும், குளத்திலும், பாழுங்கிணற்றிலும் பாலிதீன் பை, பழைய எண்ணெய், செத்துப்போன பேட்டரி எதையும் போடக்கூடாது. போடுகிறவரைப் பார்த்தால், "மாமா, அது நம்ம குடிக்கிற தண்ணியில்ல கலக்கும்!" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். போலீஸ்காரர் சொல்லிக் கேட்காதவர்கள்கூட குழந்தை சொன்னால் வெட்கப்படுவார்கள்.

ஒரு எச்சரிக்கை! தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று குடிக்கிற தண்ணீரைக் குறைக்கக்கூடாது. சாப்பிடுமுன்னும், கக்கூசுக்குப் போய் வந்த பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவுவதையும் விடக்கூடாது. வீணாவதைத்தான் நிறுத்த வேண்டும். தேவையை நிறுத்தினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்.

மொட்டை மாடியில் 4 ஆயிரம் குடம்!

மிச்சம் பிடிப்பது பாதி வேலை. பிடித்து வைப்பது மீதி வேலை.

திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கட்டிய காலத்தில் மேலே குழாய் கிடையாது. மோட்டார் கிடையாது. கோட்டையில் இருந்த சிப்பாய்கள் எதைக் குடித்தார்கள்? பாறையில் தேங்கிய மழைநீரைத்தான். மலைமேல் உள்ள சுனைகளை இன்றும் பார்க்கலாம். பள்ளிக்கூடச் சுற்றுலா போகும் பிள்ளைகள் பீரங்கி மேடையைப் பார்ப்பதோடு அதையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

ஒரு வீட்டின் மொட்டை மாடி 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த மாடியில் மட்டும் விழும் தண்ணீர் சுமார் 74 ஆயிரம் லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகப் போனாலும் 59 ஆயிரம் லிட்டர் மிச்சம். குடக்கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 4 ஆயிரம் குடம்!

5 பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும், சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என்றால் நாளைக்கு 25 லிட்டர். ஒரு வருஷத்துக்கு 9 ஆயிரத்துச் சொச்சம் லிட்டர்தான். ஒரு வருஷ மழையை ஒழுங்காகப் பிடித்தால் 6 வருஷக் குடிதண்ணீர்!

2003-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழாய் மட்டும் சுவரில் தொங்குகிறது. அடியில் உள்ள குழி மண் மூடிக் கிடக்கிறது. புரட்டாசி பிறந்ததும் அப்பாவைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்க் குழியைத் தூர் வாரச் செய்வதும், மாடியில் கிடக்கும் சருகைப் பெருக்குவதும் பிள்ளைகளால் முடிகிற காரியம்.

நிலத்தில் இறங்கும் மழைநீர் இன்னொரு நன்மையும் செய்யும். உள்ளே இருக்கும் உப்போடு கலந்து அதன் கடுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். கெட்டுப்போன கிணற்றுக்கு அதுதான் கஞ்சி, அதுதான் மருந்து.

இரண்டு ஆபத்துகள்

தண்ணீரைச் சேர்த்து வைப்பவர்கள் 2 விஷயங்களில் உஷாராக இருக்க வேண்டும்.

ஒன்று, கொசு. டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. வீட்டில் திறந்து கிடக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அண்டா, டிரம், தொட்டி எதுவாக இருந்தாலும் மூடி வைக்க வேண்டும். வாரம் ஒரு முறை காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும்.

இரண்டாவது, கைவிடப்பட்ட ஆழ்குழாய்க் கிணறு. 2019-ம் ஆண்டு அக்டோபர் மாதம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை அப்படி ஒரு குழிக்குள் விழுந்தது. நாடே டி.வி. முன்னால் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தது. பல நாள் போராட்டத்துக்குப் பிறகும் உயிரோடு மீட்க முடியவில்லை. தண்ணீர் இல்லை என்று விட்டுப்போன குழி, ஒரு உயிரைக் குடித்துவிட்டது.

மூடாத போர்க் குழியைப் பார்த்தால் பிள்ளைகள் கிட்டே போகக்கூடாது. உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் அதன் வாயை அடைக்க வேண்டும். முறைப்படி வடிகட்டி அமைத்து, வாய்க்கு மூடி போட்டு, மழைநீரை உள்ளே இறக்கினால் வற்றிய போரே நிலத்தடி நீரை நிரப்பும் வழியாக மாறும்.

பெரியவர்கள் தப்பிக்க முடியாது

குழந்தைகள் குழாயை மூடினால் மட்டும் பஞ்சம் தீர்ந்துவிடும் என்று சொன்னால் அது பொய். இந்திய நாட்டில் எடுக்கப்படும் தண்ணீரில் 80 சதவீதத்துக்கு மேல் விவசாயத்துக்குப் போகிறது. வாய்க்காலில் பாய்ச்சுவதைச் சொட்டுநீராக மாற்றினால்தான் பெரிய மிச்சம். தெருவில் உடைந்த பெரிய குழாய் ஒன்று, ஆயிரம் வீடுகளின் சிக்கனத்தை ஒரே ராத்திரியில் ஓடையில் விட்டுவிடும். கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் திறந்துவிடும் ஒரு ஆலை, ஒரு தலைமுறைக் கிணறுகளைக் கெடுத்துவிடும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் முதலாளிகளும், அதிகாரிகளும்.

ஆனால் பிள்ளைகளின் கணக்கும் சின்னக் கணக்கு அல்ல.

திண்டுக்கல் நகரில் 2 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு குடம் மிச்சம். குடத்துக்கு 15 லிட்டர். பெருக்கிப் பார்த்தால் 30 லட்சம் லிட்டர்!

ஜோலார்பேட்டையில் இருந்து சென்னைக்கு ஓடிய தண்ணீர் ரெயிலில் இருந்தது 25 லட்சம் லிட்டர்தான். அதைவிட 5 லட்சம் லிட்டர் கூடுதலான தண்ணீர் ரெயில் ஒன்று, தினமும், எஞ்சின் இல்லாமல், தண்டவாளம் இல்லாமல், திண்டுக்கல் வீடுகளுக்குள்ளேயே வந்து நிற்கும்.

467 கிணறுகளில் 350 போனது நேற்றைய கணக்கு. மீதி 117 கிணறுகளும், ஒரு 23½ அடி அணையும், ஐப்பசி மழையும் நாளைய கணக்கு.

அந்தக் கணக்கைப் போடப்போகும் கை, இப்போது குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டு, பெல் அடிப்பதற்குள் ஓடப் பார்க்கிற கைதான்!